ஸைக்கிள் ஆசனமும் சொல்லக் கூசும் வலியும்

தென்னிந்தியாவில் முதன் முதலாக ரயில் வண்டி புறப்பட்ட இடம் எது என்று நமது பள்ளிக்கூடத்தில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும், "ராயபுரம்!" என்று கூரை அதிரும்படி பதில் வரும். 1856-ம் வருஷம் ஜூலை மாதம் முதல் தேதி இங்கிருந்து வாலாஜா ரோடு வரையில் வண்டி ஓடிற்று. அந்த ஸ்டேஷன் கட்டிடம் இன்றைக்கும் தன் தூண்களோடு நின்று கொண்டிருக்கிறது. இதனால் எங்கள் ஊருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஆனால் நாம் இப்போது எழுதப் போவது ரயிலைப் பற்றியல்ல. இரண்டு சக்கரமும் ஒரு சாண் ஆசனமும் கொண்ட ஸைக்கிளைப் பற்றி. அதிலும் அந்த ஆசனத்தைப் பற்றி. அதிலும், அதன் மேல் உட்காரும் பெண்கள் பெற்ற தாயாரிடத்தில் கூடச் சொல்லாமல் மறைக்கும் ஒரு வலியைப் பற்றி.

"இதையெல்லாம் குடும்பத்தோடு படிக்கும் பத்திரிகையில் எழுதலாமா?" என்று சில நேயர்கள் முகத்தைச் சுளிக்கக்கூடும். குடும்பத்தோடு படிக்கிறார்கள் என்பதனால்தான் எழுதுகிறோம். தனியே படிக்கும் பத்திரிகையில் எழுதினால் தாயார் ஒரு பக்கமும் மகள் ஒரு பக்கமுமாக ஒளித்து வைத்துப் படிப்பார்கள். ஒருவரோடொருவர் பேச மாட்டார்கள். கதையே அதுதான்.

சென்ற வருஷம் நமது ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். பெயர் வேண்டாம். காசிமேட்டில் பிறந்து வளர்ந்த பெண். குடும்பம் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு குப்பத்துக்குக் குடி போன பிறகும், பள்ளிக்கூடத்தை மாற்ற மாட்டேன் என்று பிடிவாதமாக இங்கேயே வந்து கொண்டிருந்தாள். தாயார் காசிமேட்டுத் துறைமுகத்தில் மீன் வாங்கி விற்கிறவள். பெண் விடியற்காலையில் வீட்டு வேலையை முடித்து, தாயாருக்குச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, தமையனுடைய பழைய ஸைக்கிளில் ஏறி, துறைமுகத்தில் அதைக் கொடுத்துவிட்டு, அப்புறம் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர வேண்டும். ஐந்தாறு கிலோமீட்டர் இருக்கும். எண்ணூர் நெடுஞ்சாலையைப் பார்த்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட பாதை என்று சொல்ல வேண்டியதில்லை. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் யானைக் கூட்டம் போல வரிசை கட்டி நிற்கும். அவற்றுக்கும் சாலை ஓரத்துக்கும் இடையே ஒரு ஸைக்கிள் நுழையும் சந்து இருக்கும். அந்தச் சந்தில் பள்ளங்களும் இருக்கும்.

"பஸ்ஸில் போகலாமே! பெண்களுக்கு 2021-லிருந்து சாதாரண பஸ்ஸில் டிக்கெட்டே இல்லையே!" என்று கேட்பீர்கள். வாஸ்தவம். ஆனால் பஸ் துறைமுகத்து வாசலுக்குள் வந்து தூக்கை இறக்கிவிட்டுப் போகாது. அந்தக் குடும்பத்தின் காலைப் பொழுதை இழுத்துச் சென்றது அந்த ஸைக்கிள்தான்.

ஆடி மாதம் பிறந்தது. பெண் நேரம் கழித்து வரத் தொடங்கினாள். முதலில் கால் மணி, அப்புறம் அரை மணி. பிறகு பார்த்தால் ஸைக்கிளையே காணோம். வேர்த்து விறுவிறுத்து நடந்து வந்து வகுப்பு வாசலில் நின்றாள். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. நாம் திட்டினோம். இதை மறைப்பானேன்? ஒரு நாள் அல்ல, மூன்று வாரம் திட்டினோம். "படிப்பில் சிரத்தை போய்விட்டது" என்று அவளைப் பற்றி உபாத்தியாயினிகள் அறையில் அபிப்பிராயமும் தெரிவித்தோம். இருபது வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்தவர்களுக்கு இந்த மாதிரி அபிப்பிராயங்கள் வெகு சீக்கிரத்தில் உண்டாகிவிடுகின்றன.

அவள் பெஞ்சியின் விளிம்பில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருகிறாள் என்பதையும், இடைவேளையில் தண்ணீர்க் குழாயின் பக்கமே போவதில்லை என்பதையும் கவனித்தவர் நாமல்ல. அவள் பக்கத்தில் இருந்த இன்னொரு பெண். அவள்தான் ஒரு மத்தியானம் நம்மிடம் வந்து, சுற்று முற்றும் பார்த்துவிட்டு, "டீச்சர், அவளைத் திட்டாதீங்க டீச்சர். அவளுக்குக் கீழே புண்ணாயிருக்கு. ஒண்ணுக்குப் போனா எரியுதாம். அதான் தண்ணியே குடிக்க மாட்டேங்குறா" என்றாள்.

அப்போது நம் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்க இப்போதும் விருப்பமில்லை.

பெண்ணைத் தனியே அழைத்துக் கேட்டோம். வெகு நேரம் மௌனம். பிறகு கொஞ்சங் கொஞ்சமாக வந்தது. ஸைக்கிளில் ஏறிப் பத்து நிமிஷத்துக்கெல்லாம் மரத்துப் போகிறது. இறங்கினால் ஊசி குத்துவது போல் இருக்கிறது. தோல் உரிந்து எரிகிறது. ஒரு பக்கம் வீங்கியிருக்கிறது. தாயாரிடம் ஒரு முறை மட்டும் "சீட்டு குத்துது" என்றாளாம். தாயார் பழைய புடைவையை எட்டாக மடித்து, அதன் மேல் ஒரு பஞ்சுத் திண்டு வைத்துத் தைத்துக் கொடுத்தாள். வலி இன்னும் அதிகமாயிற்று! புண்ணின் மேல் யாரோ சொன்னார்கள் என்று கிருமிநாசினித் தைலம் வேறு போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"அம்மாகிட்ட மறுபடியும் சொல்லலையா?" என்று கேட்டோம்.

"சொன்னா சைக்கிளே வேணாம்னுடும் டீச்சர். ஆயா ஏற்கெனவே, பொட்டப் பிள்ளை சைக்கிள் வுட்டா வேற மாதிரி ஆயிடும்னு சொல்லிக்கினு இருக்கு" என்றாள்.

இந்தப் பதிலைக் கேட்டபோது நமக்கு நம்முடைய பழைய நாட்கள் ஞாபகத்துக்கு வந்தன. நாம் ஸைக்கிள் கற்றது இதே ராயபுரத்துச் சந்துகளில்தான். மணிக் கணக்கில் வாடகைக்கு எடுத்த ஆண்கள் ஸைக்கிள்; குறுக்குக் கம்பிக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டது. கலாசாலைக்குப் போகும் நாட்களில் சொந்த ஸைக்கிள் வந்தது. ஆறே மாதத்தில் அதை விட்டுவிட்டோம். வீட்டில் கேட்டதற்கு, "போக்குவரத்து பயமாயிருக்கிறது" என்றோம். காரணம் போக்குவரத்தல்ல. நம் உடம்பிலேயே ஏதோ கோளாறு என்று நினைத்து, அதை இத்தனை வருஷம் ஒருவரிடமும் சொல்லாமல் இருந்தோம். கோளாறு உடம்பில் இல்லை, ஆசனத்தில் இருந்தது என்பது நாற்பது வயதுக்கு மேல், ஒரு மாணவியின் புண்ணைக் கண்ட பிறகுதான் தெரிந்தது.

ராயபுரத்தில் பெண்களுக்கென்றே ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி இருக்கிறது. பிரசவத்துக்கு மட்டுமே அங்கே போக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள்; பெண்களுக்கு உண்டாகும் மற்ற உபாதைகளையும் பார்க்கத்தான் அங்கே டாக்டர்கள் இருக்கிறார்கள். நாம் தாயாரையும் பெண்ணையும் அழைத்துக்கொண்டு ஒரு லேடி டாக்டரிடம் போனோம். அந்த அம்மாள் சோதித்துப் பார்த்துவிட்டு, "நோயும் இல்லை, தொற்றும் இல்லை; உராய்வும் அழுத்தமும்தான்" என்றார். பத்து நாள் ஸைக்கிள் வேண்டாம். கிருமிநாசினியை நிறுத்திவிட்டு வெறும் தண்ணீரில் கழுவ வேண்டும். தளர்ந்த பருத்தி உடை. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். சிறுநீர் எரிகிறதே என்று தண்ணீரைக் குறைத்தால் அது இன்னும் கெட்டிப்பட்டு இன்னும் எரியும் என்பதை அவர் சொன்னபோது பெண் நம்மைப் பார்த்துக்கொண்டாள். கடைசியாக டாக்டர் சொன்னதுதான் முக்கியம்: "மருந்து பாதி. அந்த சீட்டைச் சரி பண்ணாமல் மறுபடி ஏறினால் மறுபடியும் என்னிடம் வருவாள்."

ஆசனத்தைச் சரி பண்ணுவது என்றால் என்ன? அதற்கு உடம்பின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு கடினமான மணையில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் அடியில் வைத்துப் பாருங்கள். இரு பக்கமும் உருண்டையாக ஓர் எலும்பு முனை கையை அழுத்தும். கடவுள் நமக்கு உட்காருவதற்கென்று கொடுத்திருப்பவை இவ்விரண்டு எலும்புகளே. இவற்றின் மேல் எத்தனை பாரம் வைத்தாலும் அவை தாங்கும். இவற்றுக்கு நடுவிலும் முன்னாலும் உள்ள பாகமோ பாரம் தாங்குவதற்கு ஏற்பட்டதல்ல. அங்கேதான் பிறப்புறுப்பும், சிறுநீர்த் துவாரமும், அவ்விடத்துக்கு உணர்ச்சி தரும் நரம்புகளும், மெல்லிய இரத்தக் குழாய்களும் இருக்கின்றன. பெண்களுக்குப் பிரசவத்தை உத்தேசித்து இடுப்பெலும்பின் முன் வளைவு ஆண்களைக் காட்டிலும் விரிந்து இருக்கிறது. ஆகவே உட்காரும் எலும்புகளும் பொதுவாகச் சற்று விலகி இருக்கின்றன. ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. ஒல்லியான பெண்ணுக்கு விலகியும், பருத்தவளுக்கு நெருங்கியும் இருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

குறுகலான ஆசனத்தில் என்ன நடக்கிறது? எலும்புகள் இரண்டும் ஆசனத்தின் ஓரச் சரிவில் வழுக்கி வெளியே நிற்கின்றன. உடம்பின் பாரம் முழுவதும் நடுவே உள்ள மென்மையான பாகத்தின் மேல் விழுகிறது. தாயார் அன்போடு தைத்துக் கொடுத்த திண்டு ஏன் கெடுதல் செய்தது என்பதும் இதனால் விளங்கும். மெத்தை மிருதுவாக இருந்தால் எலும்புகள் அதில் புதைந்து போகும். நடுப் பாகம் பிதுங்கி மேலே எழும்பி, எங்கே படக்கூடாதோ அங்கே அழுத்தும். கடைகளில் விற்கும் கொழகொழவென்ற பசை உறை போட்டாலும் பல சமயம் இதே கதிதான். மெத்தென்று இருந்தால் சுகம் என்பது சாய்வு நாற்காலிக்குச் சரி, ஸைக்கிளுக்குச் சரியல்ல.

இது நாம் கண்டுபிடித்த விஷயமல்ல. 2002-ல் பிரஸ்ஸல்ஸ் நகரத்து டாக்டர்கள் சிலர், பந்தயத்துக்காக வாரந்தோறும் நூற்றுக் கணக்கான கிலோமீட்டர் ஓட்டும் ஆறு பெண்களைப் பரிசோதித்து, அவர்களுக்குப் பிறப்புறுப்பின் ஒரு பக்கத்து இதழ் வீங்கி நிலைத்துவிட்டிருந்ததைப் பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகையில் எழுதினார்கள். 2006-ல் அமெரிக்காவில் ஸைக்கிள் ஓட்டும் பெண்களையும் ஓடிப் பழகும் பெண்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், ஸைக்கிள்காரிகளுக்கு அவ்விடத்தில் உணர்ச்சி குறைந்திருந்தது. 2012-ல் வந்த மற்றோர் ஆராய்ச்சி, கைப்பிடி ஆசனத்தைவிடத் தாழ்வாக இருந்தால் பெண்களுக்கு அழுத்தமும் மரப்பும் அதிகமாகிறது என்று காட்டிற்று. முன்னால் குனியக் குனிய இடுப்பு உருண்டு, பாரம் பின் எலும்பிலிருந்து முன் பாகத்துக்கு நகர்வதே காரணம். 2019-ல் ஹன்னா டைன்ஸ் என்ற பிரிட்டிஷ் வீராங்கனை, தமக்கு ஆசனத்தினால் உண்டான வீக்கத்துக்குக் கடைசியில் ரண சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்ததைக் 'கார்டியன்' பத்திரிகையில் பகிரங்கமாக எழுதினார். உலகப் போட்டியில் ஓட்டுகிறவரே வலியைப் பொறுத்துக்கொண்டிருந்தாரென்றால், திருவொற்றியூர்க் குப்பத்துப் பெண் மூன்று வாரம் வாய் திறக்காததில் ஆச்சரியம் என்ன?

ஆசனம் குத்துகிறது என்பது பழைய புகார். இப்போது நாம் ஓட்டும் மாதிரியான ஸைக்கிளை இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் 1885-ல் செய்தார். அடுத்த பத்து வருஷத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்கள் ஆயிரக் கணக்கில் ஏறி ஓட்டத் தொடங்கினார்கள். அந்தக் காலத்து டாக்டர்களும் பெண்களின் ஆசனத்தைப் பற்றி ஏராளமாகக் கவலைப்பட்டார்கள். ஆனால் பலருடைய கவலை, அந்தப் பெண்ணுக்கு வலிக்குமோ என்பதல்ல. அவள் ஒழுக்கம் கெட்டுப் போய்விடுமோ என்பது! எப்படியோ, அந்தத் தவறான கவலையிலிருந்தும் ஒரு நல்ல காரியம் விளைந்தது. 1890-களிலேயே நடுவில் பள்ளம் விட்டு, இரண்டு எலும்புகளுக்கும் இரண்டு தனித் திண்டு வைத்த ஆசனங்கள் விற்பனைக்கு வந்தன. கிரிஸ்டி ஆசனம் என்பது அவற்றில் ஒன்று. பிற்பாடு அதை உலகம் மறந்தது. அமெரிக்காவில் ஜியார்ஜினா டெர்ரி என்ற பெண் எஞ்சினீயர் 1985-ல் பெண்களின் அளவுக்கென்றே ஸைக்கிள் செய்யும் கம்பெனி தொடங்கி, பிறகு நடுவில் துவாரம் விட்ட பெண்கள் ஆசனத்தையும் கொண்டு வந்த பின்புதான் விஷயம் மறுபடியும் வெளிச்சத்துக்கு வந்தது. சர்வதேச ஸைக்கிள் சங்கம் பந்தய ஸைக்கிளில் ஆசனத்தை ஒன்பது டிகிரி வரை சாய்த்துக்கொள்ளலாம் என்று விதியைத் தளர்த்தியது 2016-ல். அதற்கு முன் ஏறக்குறைய மட்டமாகவே வைக்க வேண்டுமாம். விதி செய்தவர்கள் எதன் மேல் உட்கார்ந்து விதி செய்தார்களோ, தெரியவில்லை.

நம் தமிழ் நாட்டுக்கும் இதில் ஒரு பெருமையான சரித்திரம் உண்டு. 1991-ல் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார், பெண்களுக்கு எழுத்தோடு ஸைக்கிளும் கற்றுக் கொடுக்க வேண்டுமென்று முனைந்தார். கல் உடைக்கும் பெண்கள், அங்கன்வாடிப் பெண்கள், பள்ளி உபாத்தியாயினிகள் எல்லாரும் கற்றார்கள். 1992-ம் வருஷம் மகளிர் தினத்தன்று ஆயிரத்தைந்நூறு பெண்கள் புதுக்கோட்டை வீதிகளில் ஸைக்கிளில் ஊர்வலம் வந்தார்கள். பத்திரிகையாளர் ஸாய்நாத் அதை விவரமாக எழுதியிருக்கிறார். பெண்கள் ஸைக்கிள் போதவில்லை. ஆகவே ஆண்கள் ஸைக்கிளிலேயே ஏறினார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் அதையே விரும்பவும் செய்தார்களாம். 2001-லிருந்து ஆதிதிராவிட, பழங்குடிப் பெண்களுக்கும், 2005-லிருந்து மற்ற வகுப்புப் பிள்ளைகளுக்கும் பதினோராம் வகுப்பில் அரசாங்கமே ஸைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. ஏறுவதற்கு வாகனம் கிடைத்துவிட்டது. ஏறின பிறகு ஆசனத்தை உடம்புக்குத் தக்கபடி பூட்டிக்கொள்ளும் வித்தையை மட்டும் ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நாம் உள்பட.

ஆகவே ஒரு சனிக்கிழமை, தலைமை ஆசிரியையின் அனுமதியோடு, ஸைக்கிளில் வரும் பெண்களை எல்லாம் ஓர் அறையில் கூட்டினோம். மளிகைக் கடையிலிருந்து நெளிநெளியான அட்டைப் பெட்டி ஒன்றை வாங்கி வந்து துண்டு போட்டோம். மர ஸ்டூலின் மேல் அட்டையை வைத்து, அதில் ஒவ்வொருத்தியாகக் குதிகாலைக் கொஞ்சம் தூக்கி அழுத்தி உட்கார்ந்து எழுந்தால், எலும்பு பட்ட இடத்தில் இரண்டு குழி விழும். குழியின் நடுவிலிருந்து நடுவுக்குத் தையல்காரர் டேப்பினால் அளந்தால் தீர்ந்தது. பெரும்பாலோருக்குப் பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டருக்குள் இருக்கும். அன்று அறையில் எழுந்த சிரிப்பில் பக்கத்து மாதா கோயில் புறாக்கள் பறந்திருக்கும். நம் மாணவிக்கு அளவு பதின்மூன்று. தமையனுடைய ஸைக்கிளில் இருந்த ஆசனம், ஓரச் சரிவைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் பதின்மூன்று கூடத் தட்டையாக இல்லை. எலும்புகளின் அளவைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டராவது தட்டைப் பாகம் அகலமாக இருக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் ஸைக்கிளுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் நல்லது. ரொம்பவும் அகலமாகிவிட்டால் தொடை உராயும்; அதுவும் கூடாது.

பிறகு ஸைக்கிளைத் தள்ளிக்கொண்டு பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு ரிப்பேர்க் கடைக்குப் போனோம். கடைக்கார பாய் நமக்குப் பல வருஷப் பழக்கம். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல், "சீட்டு சரியில்லை பாய், மாத்தணும்" என்றோம். அவர் ஆசனத்தைக் கையால் ஆட்டிப் பார்த்தார். பின் பக்கத்துக் கிளாம்பு தளர்ந்து, மூக்கு மேல் நோக்கித் தூக்கிக்கொண்டிருந்தது. உட்காரும்போது பாரம் பின்னால் விழுவதால், கிளாம்பு இளகினால் மூக்கு இப்படித்தான் எழும்பும் என்றார். பாவம், அந்தப் பெண் இத்தனை நாளாக ஒரு கொம்பின் மேல் உட்கார்ந்து வந்திருக்கிறாள்!

நாம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னோம். பாய் சற்று நேரம் பேசவில்லை. ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே, "நம்ம வூட்டுப் பொண்ணும் இதேதான் சொல்லிச்சு டீச்சர். சீட்டு குத்துது வாப்பான்னு. சைக்கிள் கடை வச்சிக்கினு நான் காதுல வாங்கல. இப்ப அது வண்டியையே தொடறதில்ல" என்றார்.

அப்புறம் அவர் வேலை செய்த வேகத்தைப் பார்க்க வேண்டும். ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த பழைய பெண்கள் ஸைக்கிள் ஆசனம் ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். அகலமானது, அடியில் ஸ்பிரிங் உள்ளது. அதைப் பூட்டி, மேலே ஒரு நேரான பலகையை வைத்து மட்டம் பார்த்தார். முதலில் மட்டமாக வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். முன்னால் அழுத்தினால் மூக்கை ஒரு துளி இறக்க வேண்டும். அதிகம் இறக்கிவிட்டால் உடம்பு முன்னால் சறுக்கி, மணிக்கட்டு வலிக்கும்.

உயரத்தில்தான் அவருக்கும் நமக்கும் வாக்குவாதம் வந்தது. மிதிகட்டை கீழே வந்து நிற்கும்போது, குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும்; பாதத்தின் முன் பாகத்தால் மிதிக்கும்போது முழங்காலில் லேசான வளைவு இருக்கும். ஆசனம் இதைவிட உயர்ந்தால் இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடித் தோல் தேயும். தாழ்ந்திருந்தால் கால்கள் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளாமல் எல்லாம் ஆசனத்தின் மேலேயே விழும். "அவ்ளோ தூக்கினா பொண்ணுக்கு ரெண்டு காலும் தரையில எட்டாதே டீச்சர்! கண்டெய்னர் வண்டி ஓடுற ரோடு!" என்றார் பாய். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நின்றால் ஆசனத்திலிருந்து முன்னால் இறங்கிக் காலை ஊன்றப் பழகிக்கொண்டவளுக்கே முழு உயரம் தகும். ஆகவே முதலில் இரண்டு விரற்கடை குறைத்து வைத்து, பழகப் பழக ஏற்றிக்கொள்வது என்று ராஜி செய்துகொண்டோம். கைப்பிடியையும் ஆசனத்துக்கு மேல் வரும்படி உயர்த்தினார். கூலி கேட்டதற்கு, வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார். ஆசனத்துக்கு மட்டும் கட்டாயப்படுத்திப் பணம் கொடுத்தோம்.

இன்னும் சில சில்லறை விஷயங்கள். பள்ளம் வரும்போது மிதிகட்டைகளை மட்டமாக நிறுத்தி, ஆசனத்திலிருந்து ஓர் அங்குலம் எழும்ப வேண்டும். இடியைக் கால்கள் வாங்கிக்கொள்ளும். சுடிதாரின் நாலு தையலும் ஒன்றுகூடும் முடிச்சு ஆசனத்தில் சரியாக எங்கே படுகிறதென்று யோசித்துப் பாருங்கள். தையல்காரரிடம் அங்கே ஒரு தட்டைத் துண்டு வைத்துத் தைக்கச் சொன்னால் அந்தத் தொல்லை தீரும். மாத விலக்கு நாட்களில் நாப்கினின் ஓரம் தொடையை அறுக்கும். நனைந்ததைச் சீக்கிரம் மாற்றுவதும், அந்த இரண்டு நாள் வேண்டுமானால் பஸ்ஸில் போவதும் தவறில்லை. மழையில் நனைந்த உடையோடு நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பது உரிந்த தோலுக்குச் சத்துரு.

இறங்கி நடந்த பிறகும் நெடு நேரம் மரத்தே இருந்தால், ஒரு பக்க வீக்கம் நாலைந்து நாளில் வடியாவிட்டால், சீழ்க் கட்டியோ காய்ச்சலோ இரத்தமோ கண்டால், சிறுநீர் எரிச்சல் நீடித்தால், ஆசனத்தை ஆராய்ந்துகொண்டிராமல் டாக்டரிடம் போக வேண்டும்.

ஆயாவின் பயத்தையும் ஒரு வார்த்தை பேசிவிடுவோம். ஸைக்கிள் ஓட்டினால் பெண்ணின் கன்னிமைக்குப் பங்கம் வந்துவிடும் என்பதே அந்தப் பயம். படித்த குடும்பங்களிலும் இது உண்டு. வாயால் சொல்லாமல் ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அவ்விடத்தில் உள்ள சவ்வு ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒவ்வொரு விதமாக இருக்கும். அதைப் பார்த்து ஒரு பெண்ணின் நடத்தையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது என்பது வைத்திய சாஸ்திரத்தின் முடிவு. அப்படிப்பட்ட பரிசோதனையையே உலகமெங்கும் ஒழிக்க வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனமும் மற்ற ஐக்கிய நாட்டு ஸ்தாபனங்களும் 2018-ல் அறிவித்தன. இதை நாம் ஆயாவிடம் நேரிலேயே போய்ச் சொன்னோம். அவள் பாதி நம்பினாள். "டாக்டரம்மாவே சொல்லிச்சா?" என்று மூன்று தடவை கேட்டாள். சொன்னார் என்றோம். "அப்ப ஓட்டட்டும். வலிச்சா மட்டும் சொல்லச் சொல்லு" என்றாள்.

பத்து நாள் கழித்துப் பெண் மறுபடியும் ஸைக்கிளில் வந்தாள். உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் வாரம் எலும்பில் வலி என்றாள். புது ஆசனத்துக்கு எலும்பு பழகும் வரையில் அது சகஜம், அந்த வலி வேறு, இந்த வலி வேறு என்று அவளுக்கே தெரிந்திருந்தது. மூக்கை ஒரு முறை இறக்கி, மறுபடியும் கொஞ்சம் ஏற்றினோம். புரட்டாசிக்குள் அவள் மணி அடிப்பதற்குக் கால் மணி முன்பே வந்து சேர ஆரம்பித்தாள். வருகைப் பதிவேட்டில் அந்த மூன்று வாரத்துக்கு நாம் சிவப்பு மையில் போட்ட குறிகள் அப்படியேதான் இருக்கின்றன. அவற்றை அழிக்க விதியில் இடமில்லை.

சென்ற மாதம் கணக்கு உபாத்தியாயினி அவள் மேல் புகாரோடு வந்தார். ஜியாமெட்ரிப் பெட்டியில் கவராயத்தைக் காணோம்; அதற்குப் பதில் ஒரு ஸ்பானர் இருக்கிறதாம். மணி அடித்ததும் ஸைக்கிள் கொட்டகைப் பக்கம் போய்ப் பார்த்தோம். ஐந்தாறு பெண்கள் சுற்றி நின்றார்கள். பெண் மண்டி போட்டுக்கொண்டு, ஆறாம் வகுப்புக் குழந்தை ஒருத்தியின் ஆசனத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். "குதிகாலை வை. ஊம், நேரா நீட்டு... இப்ப எங்கே படுது, சொல்லு. சும்மா சொல்லுடி" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.